லினக்ஸ் கணினியில் காலப்பிழை: ஒரு விசாரணை

கடிகாரம் தவறிப்போன கணினி, தன் கடிகாரம் தவறிவிட்டது என்று வாய் திறந்து சொல்வது அபூர்வம். அந்தத் தவறு எப்போதும் வேறொரு கோளாறின் வேஷத்தைத் தரித்துக்கொண்டே வெளியே வருகிறது. நேற்றுவரை ஏற்கப்பட்ட பாஸ்வேர்டை இன்று சர்வர் ஏற்கவில்லை என்று ஊழியர் முறையிடுவார். உண்மையில், கெர்பரோஸ் என்னும் அடையாளமுறை, இரு யந்திரங்களுக்கும் இடையே ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம் கண்டு கதவைச் சாத்தியிருக்கும். புதிதாக வாங்கிய சான்றிதழ் இன்னும் அமலுக்கு வரவில்லை என்று பிரவுசர் எச்சரிக்கும். உபுண்டுவில் ஆப்ட் கட்டளை, களஞ்சியத்தின் ரிலீஸ் ஃபைல் எதிர்காலத் தேதியைத் தாங்கியிருப்பதாகச் சொல்லிப் புதுப்பிக்க மறுக்கும். முப்பது விநாடிக்கு ஒரு முறை மாறும் ஓ.டி.பி. எண், எத்தனை முறை கவனமாகத் தட்டினாலும் பொய்யாகும். செஃப் என்னும் சேமிப்புத் தொகுதியோ 0.05 விநாடி வேறுபாட்டைக் கண்ட மாத்திரத்திலேயே தன் காவல் நிரல்களுக்குள் பிணக்கு என்று அறிவித்துவிடும். இவ்வளவையும் தனித்தனி நோய்களாகக் கருதிப் பாஸ்வேர்டையும் சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்த பிறகே, சிஸ்டம் அட்மின் எனப்படும் நிர்வாகி, எல்லாவற்றுக்கும் முதலில் அடித்திருக்கவேண்டிய 'டேட்' என்ற நான்கெழுத்துக் கட்டளையை அடிக்கிறார்.

அடித்த பின் அவர் செய்வது என்ன என்பதே இக்கட்டுரையின் விஷயம். பெரும்பாலோர் உடனே கைவைத்தியத்தில் இறங்குகிறார்கள்: என்.டி.பி.டேட் கட்டளையால் நேரத்தைத் திருப்பி வைப்பது, அதையே கிரான் பட்டியலில் போட்டு மணிக்கொரு முறை ஓடச்செய்வது, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது. நேரம் சரியாகிவிடுகிறது, கூடவே, பிழை எங்கே பிறந்தது என்பதற்கான சாட்சியமும் அழிந்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தில், காலப்பிழையை விசாரிப்பவன் திருத்துவதற்கு முன் செய்யவேண்டியது, பிழையின் அளவை எழுதிக்கொண்டு, அந்த அளவு நிலையாக நிற்கிறதா, ஒரே சீராக வளர்கிறதா, முன்னும் பின்னும் ஊசலாடுகிறதா என்று சிறிது நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. ஏனெனில் இந்த மூன்று குணங்களும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறப்பவை, அவற்றுக்குரிய பரிகாரங்களும் வெவ்வேறானவை.

இதை விளக்க, கணினிக்குள் கடிகாரங்கள் இரண்டு உண்டு என்பதை முதலில் நினைவூட்டவேண்டும். ஒன்று, மதர்போர்டில் நாணயம் போன்ற சிறு பேட்டரியின் பலத்தில், மின்சாரம் போன பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்.டி.சி.; விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் துண்டு அதன் உயிர். மற்றொன்று, லினக்ஸ் கெர்னல் தன் நினைவில் வைத்திருக்கும் காலக் கணக்கு: 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளின் எண்ணிக்கை. கணினி எழும்போது முன்னதைப் பார்த்துப் பின்னது தொடங்குகிறது. அதன் பிறகு இரண்டும் தத்தம் போக்கில் ஓடுகின்றன. குவார்ட்ஸ் எதுவும் பூரணமானதன்று. பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பி.பி.எம்., பிசகினாலே நாளொன்றுக்கு 0.0864 விநாடி தவறும், 20 பி.பி.எம். பிசகிய சாதாரணப் போர்டு நாளைக்கு 1.7 விநாடிக்கு மேலும், மாதத்தில் ஏறக்குறைய 52 விநாடியும் தவறிவிடும். இது கோளாறு அன்று, இயல்பு. இந்த இயல்பை வெல்வதற்காகவே நெட்வொர்க் வழியே காலம் கேட்டுப் பெறும் முறை ஏற்பட்டது.

அம்முறைக்குத் தந்தை, அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்து, 2024 ஜனவரியில் மறைந்த டேவிட் மில்ஸ். 1985-இல் அவர் வெளியிட்ட முதல் விவரணத்திலிருந்து, 1992-இன் மூன்றாம் பதிப்பும் 2010-இன் நான்காம் பதிப்புமாக என்.டி.பி. வளர்ந்து வந்திருந்தாலும், அதன் மையத் தத்துவம் மாறவில்லை. கேட்பவன் கேள்வியை அனுப்பிய நேரம், சர்வர் அதைப் பெற்ற நேரம், சர்வர் பதிலை அனுப்பிய நேரம், கேட்டவன் பதிலைப் பெற்ற நேரம் என்ற நான்கு முத்திரைகளைக் கொண்டு, பாதையில் கழிந்த தாமதமும் இரு கடிகாரங்களுக்கிடையே உள்ள விலகலும் கணிக்கப்படுகின்றன. இந்தக் கணக்கில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: போகும் பாதைக்கும் வரும் பாதைக்கும் ஆகும் நேரம் சமம் என்பதே அது. கேள்வி 10 மில்லி விநாடியில் போய்ச் சேர்ந்து, பதில் 50 மில்லி விநாடியில் திரும்பினால், இரு கடிகாரங்களும் இம்மியும் பிசகாமல் ஒத்திருந்தபோதிலும், கணக்கு 20 மில்லி விநாடி விலகலைக் காட்டும். எந்தச் சாமர்த்தியமும் இந்தப் பிழையை அந்த நான்கு எண்களிலிருந்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. அதன் உச்ச வரம்பு மொத்தத் தாமதத்தில் பாதி என்று மட்டுமே உறுதி கூறலாம். தொலைவிலுள்ள சர்வரைவிடப் பக்கத்துச் சர்வர் மேல் என்று சொல்வதற்கு நியாயம் இதுதான்.

விலகல் தெரிந்த பின் அதைத் தீர்க்கும் வழி இரண்டு. ஒரே தாவலில் முள்ளை நகர்த்தி வைப்பது ஒன்று. கடிகாரத்தின் வேகத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ மெல்ல இழுத்து வருவது மற்றொன்று. தாவல் பார்க்கச் சுலபம், விளைவில் கடுமை. பின்னோக்கித் தாவினால் ஒரே விநாடி இருமுறை பிறக்கும், டேட்டாபேஸில் பின்னால் எழுதியது முன்னால் எழுதியதாகும், டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வரின் பழைய பதிப்புகள் காலம் பின்வாங்கியதைக் கண்டால் பயந்து தாமே நின்றுவிடும். ஆகையால் பழைய என்.டி.பி.டி. நிரல் 128 மில்லி விநாடிக்கு உட்பட்டதை இழுத்தே சரிசெய்யும். அதற்கு மேற்பட்ட விலகல் சில நிமிஷங்கள் நீடித்தால் மட்டும் தாவும். 1000 விநாடிக்கு மேற்பட்டால், இது என் அறிவுக்கு எட்டாத விபரீதம் என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் பிராணனை விட்டுவிடும். இழுக்கும் வேகத்துக்கும் எல்லை 500 பி.பி.எம்.; ஒரு விநாடியை இழுக்க 2000 விநாடி, அதாவது அரைமணிக்கும் சற்று அதிகம் ஆகும். இன்று ரெட்ஹாட் வகை லினக்ஸ்களில் அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்ட குரோனி, பன்னிரண்டில் ஒரு பங்கு வரை வேகத்தை மாற்றத் துணிகிறது. இந்தத் துணிச்சல் எங்கே உதவுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இனி, நிலையாக நிற்கும் பிழைகளை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் இவற்றுள் தலையாயது 19,800 விநாடி. ஐந்தரை மணி என்று சொன்னால் யாருக்கும் விளங்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் குடியிருக்கும்போது, விண்டோஸ் ஆர்.டி.சி.யில் இந்திய நேரத்தையே எழுதி வைக்கிறது. லினக்ஸோ அங்கே இருப்பது உலகப் பொதுநேரம் என்று நம்பி, அதன்மேல் இன்னும் ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டுகிறது. 1000 விநாடி வரம்பைத் தாண்டியதால் என்.டி.பி.டி. நின்றுவிடும்; '-ஜி' என்ற விருப்பத்தோடு தொடங்கியிருந்தால் மட்டும் ஒரு முறை மன்னித்துத் தாவும். குரோனியோ, பெரும்பாலான லினக்ஸ்களில் கூடவே வரும் 'மேக்ஸ்டெப் 1.0 3' என்ற வரியின்படி, முதல் மூன்று அளவீடுகளுக்குள் தாவிச் சரிசெய்துவிடும். ஆகவே நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று நிர்வாகி எண்ணுவார், ஆனால் கணினி எழுந்த முதல் சில விநாடிகளின் லாகுகள் மட்டும் உண்மையைவிட ஐந்தரை மணி கூடுதலான நேரத்தைத் தாங்கி நிற்கும். அந்த இடைவேளையில் எழுந்த நிரல்கள் எதிர்காலத் தேதியிட்ட ஃபைல்களை எழுதிவைத்திருக்கும். அவற்றைக் கண்டு மேக் கட்டளை 'கிளாக் ஸ்கியூ டிடெக்டட்' என்று புலம்பும். 'டைம்டேட்சி.டி.எல். செட்-லோக்கல்-ஆர்.டி.சி. 0' என்ற கட்டளையால் லினக்ஸின் நம்பிக்கையை உறுதிசெய்து, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்ற மதிப்பை வைத்து அதையும் வழிக்குக் கொண்டுவருவதே இதற்கு நேரான பரிகாரம்.

இதே ஐந்தரை மணி, கடிகாரத்தில் பிழையே இல்லாமல் வெறும் கண்மயக்காகத் தோன்றுவதும் உண்டு. கண்டெய்னர்களில் நேரமண்டலத் தகவல் வைக்கப்படாவிட்டால் 'டேட்' உலகப் பொதுநேரத்தையே காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று முடிவுகட்டி, உண்மையான சர்வரின் கடிகாரத்தை ஐந்தரை மணி முன்னே தள்ளிவைக்கும் மகானுபாவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார்கள். என்.டி.பி.யின் பாக்கெட்டுக்குள் நேரமண்டலம் என்ற பேச்சே கிடையாது. 'டேட் -யு' என்று அடித்தால் வரும் பொதுநேரம் சரியாக இருக்குமானால் கடிகாரத்தைத் தொடாமல், மண்டலத்தின் பெயரை மட்டும் 'ஆசியா/கொல்கத்தா' என்று மாற்றுவதே முறை.

மற்ற நிலைப்பிழைகளும் தத்தம் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே வருகின்றன. பிழை சரியாக 37 விநாடி என்றால், நெட்வொர்க் கார்டிலுள்ள பி.டி.பி. கடிகாரம் தொடர்ச்சியான அணுக்காலத்தில் ஓடுகிறது, அதைப் பொதுநேரமாக மாற்றும் கணக்கை யாரோ விட்டுவிட்டார்கள் என்று பொருள். 18 விநாடி என்றால் ஜி.பி.எஸ். நேரம் திருத்தப்படாமல் உள்ளே வந்துவிட்டது. கணினி திடீரென்று பத்தொன்பதரை ஆண்டுகளுக்குச் சற்று மேலாகப் பின்னே போய் நின்றால், ஜி.பி.எஸ். கருவியின் வார எண்ணிக்கை 1024-இல் சுற்றிக்கொண்டுவிட்டது. 2021 அக்டோபரில் ஜி.பி.எஸ்.டி. என்ற நிரலில் இருந்த ஒரு கணக்குப் பிழையால் கடிகாரங்கள் 2002-க்குத் திரும்பும் நிலை ஏற்பட்டது இந்த வகையைச் சேர்ந்ததே.

சீராக வளரும் பிழையின் கதை வேறு. இங்கே குற்றவாளி நெட்வொர்க் அன்று, கடிகாரத்தின் ஓட்டமே. என்.டி.பி.டி.யும் குரோனியும் தாம் கண்டறிந்த ஓட்டப்பிழையை டிரிஃப்ட் ஃபைலில் எழுதிவைக்கின்றன. என்.டி.பி.டி. எழுதிய அந்த எண் 500.000 என்று ஒட்டிக்கொண்டு நின்றால், நிரல் தன் சக்தி முழுவதையும் பிரயோகித்தும் போதவில்லை, யந்திரம் நாளொன்றுக்கு 43.2 விநாடிக்கும் மேல் தவறுகிறது என்பது அதன் பொருள். இந்நிலையில் கன்ஃபிகரேஷனைத் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை. கெர்னல் எதைப் பார்த்து விநாடியை எண்ணுகிறது என்பதையே கேட்கவேண்டும். 'கரண்ட்_கிளாக்சோர்ஸ்' என்ற சிறு ஃபைல் அதைச் சொல்லும். சாதாரணமாக அங்கே டி.எஸ்.சி. என்று இருக்கும், அது ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் எண்ணி. அதற்குப் பதிலாக ஹெச்.பி.இ.டி. என்றோ ஏ.சி.பி.ஐ._பி.எம். என்றோ இருந்தால், டி-மெசேஜ் கட்டளையில் தேடினால், டி.எஸ்.சி. ஸ்திரமற்றது என்று கெர்னல் அதைத் தள்ளிவைத்த வரி அகப்படும். பயாஸைப் புதுப்பித்தல் சில சமயம் தீர்த்துவைக்கும். இல்லையேல் போர்டை மாற்றவேண்டியதுதான். பேட்டரி தீர்ந்த ஆர்.டி.சி. இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளத்தக்கதன்று: அது மின்சாரம் போய் வந்தபோது மட்டும் பழைய ஆண்டொன்றில் கண்விழிக்கும், மற்ற வேளையில் எவ்வித உபத்திரவமும் தராது.

முன்னும் பின்னும் ஊசலாடும் பிழைக்கு வர்ச்சுவல் மெஷின்களே பிரதானமான உறைவிடம். ஒரு பௌதிக யந்திரத்தின்மேல் பல கற்பித யந்திரங்கள் ஓடும்போது, அடியிலுள்ள ஹைப்பர்வைசர் தன் நேரத்தை விருந்தாளிக்கு அவ்வப்போது ஊட்டுகிறது. விருந்தாளிக்குள் ஓடும் குரோனியோ வெளிச் சர்வரைக் கேட்டுத் தானும் திருத்துகிறது. ஒரே வண்டியின் கடிவாளத்தை இருவர் பிடித்துக்கொண்ட கதைதான். இருவரும் ஒழுங்கான சாரதிகளாகவே இருக்கலாம், வண்டி மட்டும் நேரே போகாது. விலகல் எண்ணின் முன்னுள்ள கூட்டல் குறி கழித்தலாகவும், கழித்தல் கூட்டலாகவும் சில நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். இதற்குச் சகோதரனான இன்னொரு பிசகு, ஒரே லினக்ஸில் சிஸ்டம்டி-டைம்சிங்க்டியும் என்.டி.பி.டி.யும் இரண்டும் இயங்குவது. எவரேனும் ஒருவரை நிறுத்திவிட்டால் ஊசலாட்டம் அடங்கிவிடும். யாரை நிறுத்துவது என்பதைவிட, ஒருவர்தான் இருக்கிறார் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்வதே முக்கியம்.

வர்ச்சுவல் மெஷின் இடைநிறுத்தப்பட்டு மீண்டும் எழும்போது நிகழ்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் உறங்கி எழுந்த யந்திரத்தின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். என்.டி.பி.டி. இதைக் கண்டதும் 1000 விநாடி விதியின்படி செத்துவிழும். சர்வீஸ் நின்றிருப்பதால் நிர்வாகிக்குச் செய்தியாவது எட்டும். குரோனியிடம் நிலைமை இன்னும் நுட்பமானது: தாவ அனுமதிக்கப்பட்ட முதல் மூன்று அளவீடுகள் எப்போதோ செலவழிந்துவிட்டபடியால், அது தாவாமல் தன் முழு வேகத்தில் இழுக்கத் தொடங்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு வேகம் என்றால், ஒரு மணி நேரப் பள்ளத்தை நிரப்பப் பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் சர்வீஸ் பச்சை விளக்குடன் நலமாக ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்சி தரும். 'குரோனிசி டிராக்கிங்' என்று கேட்டால் மட்டும், சிஸ்டம் நேரம் இத்தனை விநாடி பின்தங்கியிருக்கிறது என்ற வரியில் உண்மை வெளிப்படும். இவ்வகை யந்திரங்களில் 'மேக்ஸ்டெப் 1 -1' என்று எழுதி எப்போதும் தாவ அனுமதிப்பதே உசிதம்.

பச்சை விளக்கைப் பற்றி இன்னொரு சொல். டைம்டேட்சி.டி.எல். காட்டும் 'சிஸ்டம் கிளாக் சிங்க்ரனைஸ்டு: எஸ்' என்ற வரியைப் பலர் வேதவாக்காகக் கொள்கிறார்கள். கெர்னல் தன் உச்சப் பிழையாக மதிப்பிட்டு வைத்திருக்கும் எண் 16 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அந்த 'எஸ்' வந்துவிடும். இப்போது விலகல் எவ்வளவு என்பதற்கு அது சாட்சியாகாது.

நெட்வொர்க்கே வழிமறிக்கும் வகைக்கு இப்போது வருவோம். 'என்.டி.பி.க்யூ -பி' என்ற கட்டளை விரிக்கும் அட்டவணையில், 'ரீச்' என்ற தலைப்பின் கீழுள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி விசாரணை முடிந்தது. அது எட்டு இருமக் கட்டங்களை எண்ம முறையில் எழுதிய எண். கடைசி எட்டுக் கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை ஒவ்வொரு கட்டமும் நினைவில் வைத்திருக்கிறது. நிரல் தொடங்கியதும் அது 1, 3, 7, 17, 37 என்று ஏறி, எட்டுக்கும் பதில் வந்தபோது 377-ஐ எட்டும். 376 என்று கண்டால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 357 என்று கண்டால், கடைசியிலிருந்து எண்ணி ஐந்தாவதற்கு மட்டும் வரவில்லை, அது வழியில் தொலைந்த பாக்கெட், பெரிதுபடுத்த ஏதுமில்லை. 0 என்றே நின்றுவிட்டால், எதுவுமே வந்தபாடில்லை. கேள்விக்கும் கேள்விக்கும் இடையே 64 விநாடி முதல் 1024 விநாடி வரை இடைவெளி விடப்படுவதால், இந்த எண் ஏறுவதற்குக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்பவர், ஒவ்வொரு முறையும் எண்ணை 0-க்குக் கொண்டுபோய்விட்டு, ரீச் ஏறவில்லையே என்று வருந்துகிறார்.

ரீச் 0-வில் நிற்கும்போது ஃபயர்வாலைக் குறை கூறுவது வழக்கம்; பெரும்பாலும் அது நியாயமும்தான். ஆனால் ஒரு சூக்ஷ்மம் உண்டு. யு.டி.பி.யின் 123-ஆம் போர்ட்டே என்.டி.பி.யின் வாசல். என்.டி.பி.டி. தன் கேள்வியை 123-லிருந்தே 123-க்கு அனுப்புகிறது, குரோனி ஏதேனும் ஓர் உயர்ந்த எண்ணுள்ள போர்ட்டிலிருந்து அனுப்புகிறது, என்.டி.பி.டேட்டும் '-யு' விருப்பத்தோடு அழைத்தால் அவ்வாறே செய்கிறது. 2013-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2014-இன் தொடக்கத்திலும், 'மான்லிஸ்ட்' என்ற பழைய வினாவைத் துர்உபயோகம் செய்து, அறியாத என்.டி.பி. சர்வர்களைக் கொண்டே பிறர்மேல் பாக்கெட் வெள்ளத்தைப் பாய்ச்சிய தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவற்றுள் ஒன்று விநாடிக்கு ஏறக்குறைய 400 கிகாபிட்டை எட்டியது. அதற்குப் பிறகு பல இன்டர்நெட் நிறுவனங்கள் 123-ஆம் போர்ட்டுக்கு வரும் போக்குவரத்தைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ தலைப்பட்டன. அதன் பலனாக, ஒரே கணினியில் கையால் 'என்.டி.பி.டேட் -யு' அடித்தால் நேரம் வருகிறது, என்.டி.பி.டி.யை ஓடவிட்டால் ரீச் 0-வாகவே இருக்கிறது என்ற விசித்திரம் தோன்றுகிறது. நெட்வொர்க் நன்றாயிருக்கிறது, நிரல்தான் பழுது என்று இதைக் கண்டவர் முடிவுசெய்வார். டி.சி.பி.டம்ப்பை 123-ஆம் போர்ட்டின்மேல் வைத்து, கேள்வி எந்த எண்ணிலிருந்து புறப்பட்டது, பதில் திரும்பியதா என்று இரண்டு வரி பார்த்தால் சந்தேகம் தெளிந்துவிடும்.

பதில் வந்தும் நிராகரிக்கப்படுவது இன்னொரு தினுசு. ரீச் 377, ஆனால் வரியின் முன்னால் தேர்வைக் குறிக்கும் நட்சத்திரம் இல்லை. சர்வரே எவரோடும் ஒத்திசையாமல் தன்னைப் பதினாறாம் படி என்று அறிவித்துக்கொண்டிருக்கலாம்; பதினாறு என்பது 'என்னை நம்பாதே' என்பதன் சங்கேதம். அல்லது அலுவலகத்தின் விண்டோஸ் சர்வர் தன் உள்கடிகாரத்தையே ஆதாரமாகக் கொண்டு, தன் நேரத்தில் 10 விநாடிக்கு மேல் நிச்சயமின்மை உண்டென்று ஒப்புக்கொண்டிருக்கலாம். 3 விநாடிக்கு மேற்பட்ட நிச்சயமின்மையைக் குரோனி ஏற்காது என்பதால், அந்த நேர்மையான வாக்குமூலமே அதை விலக்கிவிடுகிறது. குரோனியின் வரம்பை உயர்த்தி வாயடைத்துவிடலாம் என்று ஆலோசனை சொல்வோர் உண்டு. விண்டோஸ் சர்வரை ஒரு நல்ல ஆதாரத்தோடு இணைப்பதே நேரிய வழி.

எத்தனை சர்வர்களைக் கேட்பது என்ற கேள்வியும் இவ்விடத்துக்குரியதே. ஒன்றே இருந்தால் அது சொன்னதே பிரமாணம். இரண்டிருந்து அவை முரண்பட்டால் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. மூன்றில் பெரும்பான்மை பிறக்கிறது. ஒன்று பதிலளிக்காமல் போனாலும் பெரும்பான்மை குலையாதிருக்க நான்கு வேண்டும். இது வெறும் வாதமன்று என்பதை 2012 நவம்பர் 19 மெய்ப்பித்தது. அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வுக்கூடத்தின் 'டிக்', 'டாக்' என்ற இரு புகழ்பெற்ற சர்வர்கள், சிறிது நேரம், ஆண்டு 2000 என்று அறிவித்தன. பல சுதந்திரமான ஆதாரங்களை வைத்திருந்தவர்களின் நிரல்கள் அவற்றுக்குப் பொய்யர் என்று எக்ஸ் குறி போட்டு ஒதுக்கின. அவ்விரண்டையே நம்பியிருந்தவர்களின் கணினிகளில் சில பன்னிரண்டு ஆண்டுகள் பின்னே போயின. உபுண்டுவில் பல ஆண்டுகளாக வழங்கிவந்த டைம்சிங்க்டி ஒரு சமயத்தில் ஒரு சர்வரையே கேட்கும் எளிய நிரல் ஆதலால், பெரும்பான்மை பார்க்கும் வித்தை அதற்குத் தெரியாது. வீட்டுக் கணினிக்கு அது போதும், சர்வருக்குப் போதாது.

ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் சக்கரமொன்றும் உண்டு. ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகளில் ஆர்.டி.சி.யே கிடையாது. அவை பழைய தேதியோடு எழுகின்றன. நேரம் கேட்க என்.டி.பி. சர்வரின் முகவரி வேண்டும். முகவரியைத் தரும் டி.என்.எஸ்., டி.என்.எஸ்.செக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. கையொப்பத்தின் தேதி எதிர்காலத்தில் இருப்பதாகத் தோன்றுவதால் முகவரியைத் தர மறுக்கிறது. முகவரி இல்லாமல் நேரம் இல்லை, நேரம் இல்லாமல் முகவரி இல்லை. 2020-இல் வகுக்கப்பட்ட என்.டி.எஸ். என்னும் பாதுகாப்பு முறையிலும், சான்றிதழின் தேதியைச் சரிபார்க்கவேண்டியிருப்பதால், இதே சக்கரம் சுழல்கிறது. கடைசியாக அணைந்த நேரத்தை ஃபைலில் எழுதிவைத்து அங்கிருந்து தொடங்குவது, ஒரு சர்வரின் முகவரியையாவது எண்ணாகவே எழுதிவைப்பது என்ற உபாயங்கள் சக்கரத்தை உடைக்கும். சில ரூபாய்க்கு ஓர் ஆர்.டி.சி. துண்டை வாங்கி இணைப்பது அவற்றினும் சுலபம்.

லீப் விநாடியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அது விடைபெறும் தறுவாயில் இருக்கிறது. 1972 முதல் இதுவரை 27 முறை சேர்க்கப்பட்ட அந்த விநாடி, 2012 ஜூன் 30 இரவில் லினக்ஸ் கெர்னலின் டைமர் பகுதியிலிருந்த ஒரு பிழையைக் கிளறிவிட, உலகெங்கும் சர்வர்களின் ப்ராசஸர்கள் வேலையின்றியே முழுமூச்சாக ஓடின. 'டேட்' கட்டளையால் இருக்கிற நேரத்தையே மறுபடி வைத்ததும் அவை அடங்கின என்பது வினோதம். கடைசி லீப் விநாடி, நம் கணக்கில், 2017 ஜனவரி 1 விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சற்றுமுன் வந்தது. 2035-க்குள் இவ்வழக்கத்தை நிறுத்துவதென்று 2022-இல் சர்வதேச மாநாடு தீர்மானித்திருக்கிறது. அதுவரை கவனிக்கவேண்டியது ஒன்றே: கூகுள் முதலியோர் அந்த ஒரு விநாடியை 24 மணி நேரத்தில் பரப்பிக் கரைத்துவிடுகிறார்கள், அவ்வாறு கரைக்கும் சர்வரையும் கரைக்காத சர்வரையும் ஒரே பட்டியலில் கலந்தால், அந்த நாளில் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்பார்கள்.

நம் நாட்டு நிர்வாகிக்கு இத்துறையில் சட்டக் கடமையும் ஒன்று சேர்ந்திருக்கிறது. இந்திய நிலைநேரத்தைக் காக்கும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துடையது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, டேட்டா சென்டர்களும் நிறுவனங்களும் தங்கள் கணினிகளை அந்த ஆய்வுக்கூடத்தின் அல்லது தேசிய தகவல் மையத்தின் என்.டி.பி. சர்வர்களோடோ, அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடோ ஒத்திசைக்கவேண்டும். ஒரு காலத்தில் சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரமே தந்திக் கம்பி வழியாக இந்திய ரயில்வேக்களை நடத்தியது. கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிஷம் முந்திய அந்த நேரத்தின் ஸ்தானத்தை, 1906 ஜனவரி 1 முதல், இன்றைய ஐந்தரை மணிக் கணக்கு ஏற்றது. ஆணையைப் படித்த பல அலுவலகங்கள், நூற்றுக்கணக்கான கணினிகளையும் நேரே அந்தப் பொதுச் சர்வர்களின்மேல் ஏவிவிடுகின்றன. அடிக்கடி கேட்பவனுக்கு, 'ரேட்' என்ற சங்கேதத்தோடு, வேகத்தைக் குறை என்று கண்டிப்பு வரும், அதையும் பொருட்படுத்தாவிட்டால் பதில் வருவதே நின்றுபோகலாம். உள்ளே இரண்டு மூன்று சர்வர்களை மட்டும் வெளியே கேட்கவைத்து, மற்றவை அவற்றைக் கேட்கும்படி அமைப்பதே ஆணைக்கும் உகந்தது, விசாரணைக்கும் வசதி. ஏனெனில் கோளாறு வரும்போது அது வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

எஞ்சியிருப்பது 2036. யுனிக்ஸின் 32 பிட் எண் நிரம்பி வழியும் 2038 ஜனவரி 19-ஐப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், என்.டி.பி.யின் விநாடி எண்ணோ 1900-லிருந்து தொடங்குவதால், இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 2036 பிப்ரவரி 7 அன்று, சுழியத்துக்குத் திரும்புகிறது. பாக்கெட்டில் வரும் சிறிய எண் 1900-ஐக் குறிக்கிறதா 2036-ஐக் குறிக்கிறதா என்பதை, கேட்பவன் தன் கடிகாரத்தை வைத்தே ஊகிக்கவேண்டும். அந்தக் கடிகாரம் உண்மையிலிருந்து 68 ஆண்டுகளுக்குள் இருந்தால் ஊகம் பிழைக்காது. ஆர்.டி.சி. இல்லாமல் 1970-இல் கண்விழிக்கும் சிறு கருவிகளுக்கு அந்த 68 ஆண்டு 2038-இல் தீர்ந்துவிடுகிறது. தாம் தொகுக்கப்பட்ட தேதிக்கு முன்னே கடிகாரத்தைப் போகவிடாத நிரல்கள் அப்போதும் தப்பும். சுவரில் மாட்டிய கேமராவிலும் மாடிப்படியடியில் கிடக்கும் ரவுட்டரிலும் இருப்பது அவ்வகை நிரல்தானா என்பதை அறிய, பேட்டரியைக் கழற்றி, நெட்வொர்க்கையும் பிரித்துவிட்டு, எழுந்ததும் என்ன தேதி காட்டுகிறது என்று இன்றே பார்த்துவைக்கலாம்.